மஞ்சள் பையில் மண் இல்லை

பையை வாங்கியதும் பிரித்துப் பார்த்திருப்பாய். பொறுமை என்பது உனக்குச் சின்ன வயதிலிருந்தே கிடையாது. உள்ளே மண் இல்லை. வறுத்த மல்லாட்டை ஒரு பொட்டலமும் இந்தக் கடிதமும்தான் இருக்கின்றன. உடனே அப்பாவுக்குப் போன் போடாதே, அவருக்கு இது தெரியாது. குலதெய்வக் கோயிலின் பிடிமண் பத்திரமாக பஸ் ஏறிவிட்டது என்றுதான் அவர் நம்பிக்கொண்டிருப்பார். கண்டக்டரிடம் சண்டைக்கும் போகாதே, அந்தத் தம்பி பாவம். கிளாம்பாக்கத்தில் உட்கார இடத்துக்கா பஞ்சம், ஓரமாக ஒரு நாற்காலியைப் பார்த்து உட்கார்ந்து படி. போனில் நான் நாலு வார்த்தை பேசுவதற்குள் "அழாதமா, அப்பறம் பேசலாம்" என்று வைத்துவிடுகிறாய். காகிதத்தை அப்படி வைத்துவிட முடியாது. அப்பா மலை சுற்றும் பாதையில் காலை நடை போயிருக்கிறார். அவர் திரும்புவதற்குள் எழுதி முடிக்க வேண்டும், அதனால் கையெழுத்து இப்படித்தான் இருக்கும்.

நீயும் உன் பெரியப்பா, சித்தப்பா பிள்ளைகளும் வாட்ஸப்பில் கூடிப் பேசி முடிவு செய்ததை நீ அப்பாவிடம் சொன்னபோது நான் பக்கத்தில்தான் இருந்தேன். ஸ்பீக்கரில் போட்டிருந்தார். "நாலு ஊர்ல இருந்து நாலு கார் கிளம்பி வந்து, ஒரு நாள் பொங்கல் வெச்சிட்டு திரும்பறதுக்கு பெட்ரோல், டோல்னு ரொம்ப ஜாஸ்தி ஆயிடுதுங்கப்பா. இப்ப எல்லாருமே வண்டி எடுக்கறத கம்மி பண்ணிட்டாங்க. வீட்டுக்குப் பக்கத்துலயே பாத்துக்கறாங்க. மறைமலைநகர்ல எடம் இருக்குது. முனீஸ்வரன் கோயில்ல ஒரு பிடி மண்ணு எடுத்துக் குடுத்தீங்கன்னா, இந்த ஆடியில இருந்து இங்கயே வெச்சி கும்பிட்டுக்கறோம். சாமி எங்க இருந்தாலும் சாமிதானே." ஆபீசில் ஃபைல் நகர்த்துகிறவன் பேசுவது போல் அவ்வளவு ஒழுங்காகப் பேசினாய். அப்போ நாங்க என்று நான் கேட்டதும் சட்டென்று சொன்னாய், "நீங்க ரெண்டு பேரும் பஸ்ல வந்துடுங்கமா." அன்றிலிருந்து அது என் காதை விட்டுப் போகவில்லை. முட்டி தேய்ந்த இரண்டு கிழங்களுக்கு பஸ் இருக்கிறது. உனக்குத்தான் பஸ் இல்லை.

பெட்ரோல் விலை பொய் என்று நான் சொல்லவில்லை. அந்த அளவுக்கு நான் உலகம் தெரியாதவள் இல்லை. எங்கள் வேங்கிக்கால் தெருவில் வந்து பார். பாதிக் கார்கள் உறை போட்டு நிற்கின்றன, உறை மேல் பூனை குட்டி போட்டிருக்கிறது. எதிர் வீட்டுக்காரர்கள் ஞாயிறு ஆனால் பாண்டிச்சேரி, ஏற்காடு என்று கிளம்புவார்கள். இப்போது குழந்தைகளை அழைத்துக்கொண்டு மலை சுற்றும் பாதையில் பாதி தூரம் நடந்து, சோளம் வாங்கித் தின்றுவிட்டு வருகிறார்கள். அவர்களுக்கு அண்ணாமலையார்தான் இப்போது பீச்சும் பார்க்கும். நாங்களும்தான் குறைத்துக்கொண்டோம். அப்பாவின் ஸ்கூட்டரில் சாயங்காலம் ஆசிரமம் பக்கம் போய், வெள்ளைக்காரர்கள் உட்காரும் கடையில் ஓரமாக உட்கார்ந்து ஒரு காபி குடிப்போமே, அதை நிறுத்தினோம். மார்க்கெட்டுக்கு அவர் நடந்து போகிறார். வெள்ளிக்கிழமை தவறாமல் கீழ்பென்னாத்தூர் போய் முனீஸ்வரனுக்கு விளக்கேற்றியது அமாவாசைக்கு ஒரு முறை என்று ஆகிவிட்டது, அதுவும் டவுன் பஸ்ஸில். எனக்கு டிக்கெட் இல்லை, அவருக்கு உண்டு. அதைச் சொல்லிச் சொல்லியே என்னைக் கிண்டல் செய்வார். நாங்கள் குறைத்தபோது வண்டியைக் குறைத்தோம். நீ குறைத்தபோது எங்களைக் குறைத்தாய். இரண்டுக்கும் ஒரே பெட்ரோலைக் காரணம் சொல்லாதே.

வீட்டுக்குப் பக்கத்திலேயே பார்த்துக்கொள்கிறோம் என்றாயே, எந்த வீட்டுக்கு? மேடவாக்கத்தில் நீ தவணை கட்டும் அந்த மூன்றாவது மாடியா? அப்படியானால் இது என்ன, சத்திரமா? இந்த வீட்டைக் கட்டும்போது என் சமையலறையை ஒரு முழம் சுருக்கித்தான் போர்ட்டிகோவை அகலமாக்கினார்கள். மேஸ்திரியே கேட்டார், "வீட்ல காரே இல்லையேமா, யாருக்கு இவ்ளோ பெரிய போர்ட்டிகோ?" என் பிள்ளைக்கு என்று சொன்னேன். நீ ராத்திரி வந்தால் இருட்டில் தடுமாறக் கூடாது என்று விளக்கு மாட்ட ஒரு கொக்கியும் போடச் சொன்னேன். இப்போது அங்கே வடகம் காய்கிறது. நல்ல நிழலும் காற்றும் உள்ள இடம், வடகம் சீக்கிரம் காயாது, ஆனால் காக்கை வராது. இந்தத் தெருவிலேயே பெரிய போர்ட்டிகோவில் வடகம் காயப் போடுகிற ஒரே ஆள் நான்தான்.

நீ முதல் வேலைக்குப் போனபோது வாரம் விட்டு வாரம் வந்தாய், நினைவிருக்கிறதா? சனிக்கிழமை பஸ்ஸில் உட்கார இடம் கிடைக்காது. திண்டிவனம் தாண்டியும் நின்றுகொண்டே வந்து, செஞ்சியில்தான் ஒரு சீட் பிடிப்பாய். அழுக்குத் துணி ஒரு மூட்டை, தோளில் ஒரு பை, சட்டையெல்லாம் கசங்கி, பேன்ட்டில் யாரோ மிதித்த செருப்புத் தடம். கேட்டைத் திறந்ததும் "பசிக்குதுமா" என்பாய். வேறு எதுவும் சொல்ல மாட்டாய். பிறகு கார் வாங்கினாய். ராஜகோபுரத்துக்கு எதிரே நிறுத்தி எலுமிச்சம்பழம் நசுக்கி, சாவியை அப்பா கையில் கொடுத்து வாங்கினாய். "இனிமே பஸ்ஸே கெடையாதுமா" என்றாய். எனக்கும் பெருமை தாங்கவில்லை, தெரு முழுக்கப் பார்க்கட்டும் என்று வாசலிலேயே நின்றிருந்தேன். ஆனால் அன்றைக்குப் பிறகுதான் நீ வருவது குறைந்தது. டிராஃபிக் என்றாய், பௌர்ணமி கூட்டத்தில் ஊருக்குள்ளேயே நுழைய முடியவில்லை என்றாய், மருமகளுக்கு லீவு இல்லை என்றாய். பஸ்ஸில் வந்தவனுக்கு இதெல்லாம் தெரியவே தெரியாது. மாதம் ஒன்றானது, பொங்கல் தீபாவளி என்றானது, கடைசியில் ஆடிக்கு ஒரு நாள் என்று நின்றது. அந்த ஒரு நாளும் எங்களுக்காக இல்லை, முனீஸ்வரனுக்காக. அவருக்கு பயந்தாவது வருகிறாயே என்று நான் அவருக்கு வாரா வாரம் விளக்கேற்றினேன்.

இப்போது புரிகிறதா, நான் எதற்கு அழுகிறேன் என்று? சாமி ஊரை விட்டுப் போகிறதே என்று நான் அழுவதாக நீ அப்பாவிடம் சொன்னாயாம், அம்மா செண்டிமெண்ட் பார்க்கிறாங்க என்று. முனீஸ்வரன் எனக்குப் பிறந்த வீட்டுச் சாமி இல்லை. செங்கம் பக்கத்தில் எங்கள் வீட்டு அம்மனை விட்டுவிட்டுத்தான் உன் அப்பாவோடு வந்தேன். கல்யாணம் முடிந்து முதல் ஆடிக்கு அந்த வேப்பமரத்தடியில் நிறுத்தி "இனிமே இதான் உன் சாமி, கும்பிடு" என்றார்கள். மீசையும் முழித்த கண்ணுமாக ஒரு சாமி. எனக்கு என்ன வேண்டிக்கொள்வது என்றே தெரியவில்லை. திரும்பி வரும்போது உன் அப்பாவிடம் சொன்னேன். "பழகிடும்" என்றார், அவ்வளவுதான். பெண்கள் சாமியை விட்டுவிட்டு வரும்போது யாரும் பிடிமண் கட்டித் தருவதில்லை. வெறுங்கையோடுதான் வந்தேன். எனக்கு அந்தச் சாமி எப்போது பழகியது தெரியுமா? உனக்கு அங்கே மொட்டை போட்டபோது. ஊரே கேட்கும்படி அலறினாய், மாமன் மடியில் நிற்காமல் திமிறி என் சேலையைப் பிடித்துக்கொண்டாய். உன் முடி விழுந்த இடம் என்பதால் அந்த மண் எனக்குச் சொந்தமானது. உன்னால் வந்த சாமி அது எனக்கு. நீயே வராதபோது அது மறைமலைநகரில் இருந்தால் என்ன, அமெரிக்காவில் இருந்தால் என்ன.

வேண்டாம் என்று சொல்லுங்கள் என்று உன் அப்பாவிடம் எவ்வளவோ சொன்னேன். உன் பெரியப்பா போன பிறகு பங்காளிகளில் அவர்தானே மூத்தவர், அவர் கையால்தானே மண் எடுக்க வேண்டும், மாட்டேன் என்றால் யார் என்ன செய்ய முடியும்? அவர் சொன்னார், "நான் குடுக்கலைன்னா அவனுங்க மண்ணே இல்லாம ஒரு கல்ல நட்டு ஆரம்பிச்சிடுவானுங்க. குடுத்தோம்னா மூத்தவர்னு ஒரு வார்த்தைக்காவது கூப்புடுவானுங்க. அதுவும் வேணாமா உனக்கு?" ஆபீசில் முப்பது பேரை அதட்டி வேலை வாங்கிய மனிதர். பெற்ற பிள்ளையிடம் ஒரு வார்த்தை மறுத்துப் பேச பயப்படுகிறார். நீ கொஞ்சநஞ்சம் வருவதும் நின்றுவிடுமோ என்று பயம். உன்னிடம் அவர் சரி சரி என்று தலையாட்டியது சம்மதம் என்று நினைத்துக்கொள்ளாதே.

நேற்று இரண்டு பேரும் கீழ்பென்னாத்தூர் போனோம். பஸ் நிறுத்தத்திலிருந்து கோயிலுக்கு நடக்கும் அந்த வயல் வழியில் அவர் இரண்டு இடத்தில் நின்றுவிட்டார். செருப்பில் கல் மாட்டிக்கொண்டதாகச் சொன்னார். கல்லெல்லாம் இல்லை, மூச்சு. போன ஆடியில் நீ பார்த்த அப்பா வேறு, இவர் வேறு. குத்துக்காலிட்டு உட்கார முடியவில்லை, நான் முழங்கையைப் பிடித்துக்கொள்ள, ஒரு கையைத் தரையில் ஊன்றி உட்கார்ந்தார். வெயிலில் மண் இறுகிக் கிடந்தது. கை நடுங்க நடுங்கக் கிளறி ஒரு பிடி எடுத்து மஞ்சள் துணியில் முடிந்தார். நான் கிளறித் தருகிறேன் என்றதற்கு, நீ தொடக் கூடாது, வம்சத்துக் கைதான் தொட வேண்டும் என்றார். பக்கத்து மல்லாட்டைக் கொல்லையில் களையெடுத்துக்கொண்டிருந்த ஒரு அம்மா நிமிர்ந்து பார்த்துக் கேட்டாள், "என்னாங்க, நாள் கெழம இல்லாம வந்துகிறீங்க? புள்ளைங்க எல்லாம் வருதுங்களா?" உன் அப்பா துணியை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு எழுந்தார். "இல்லமா. சாமிதான் போவுது" என்றார். அந்த அம்மா கொஞ்சம் மல்லாட்டை பறித்து என் முந்தானையில் போட்டாள். அதைத்தான் வறுத்து வைத்திருக்கிறேன். உன் மகள் வேர்க்கடலை என்பாள், அவளுக்கும் கொடு.

எடுத்த மண்ணைப் புது இடம் போய்ச் சேரும்வரை தரையில் வைக்கக் கூடாது என்பது உனக்குத் தெரியும். திரும்ப எடுத்த குழியிலேயே போடவும் கூடாது, போட்டால் குடும்பத்துக்கு ஆகாது என்பார்கள். வாங்கிக்கொண்டு போகிறவன் வந்து, மூத்தவர் கையிலிருந்து வாங்கி, மடியில் வைத்துக்கொண்டு போக வேண்டும். இதெல்லாம் தெரிந்துகொண்டேதான் "ஒரு பிடி மண்ணுதானேப்பா, அதுக்காக வரணுமா? கண்டக்டர் கிட்ட பஸ்ல குடுத்து விடுங்க" என்று சொன்னாய். கறிவேப்பிலை கொடுத்தனுப்புவது போல. அப்பா அதற்கும் தலையாட்டினார். பக்கத்துத் தெருவில் இருக்கிற கண்டக்டர் வீட்டுக்குப் போய், "தம்பி, கீழ மட்டும் வெக்காம கொண்டு போயிடுவீங்களா?" என்று கெஞ்சினார். அந்தத் தம்பி, "சீட்டுக்கு மேல கம்பியில மாட்டிடறேன், கவலைப்படாதீங்க" என்றது. நேற்று டவுன் பஸ்ஸில் திரும்பும் வழியெல்லாம் அவர் அந்த முடிச்சை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்திருந்தார், நீ கைக்குழந்தையாக இருந்தபோது உன்னை இப்படித்தான் பிடித்திருப்பார். வீட்டுக்கு வந்தும் வைக்க இடம் தெரியாமல் நின்றார். கடைசியில் போர்ட்டிகோ கொக்கியில் மாட்டினோம். உனக்கு வெளிச்சம் வேண்டும் என்று நான் போடச் சொன்ன அதே கொக்கி. அதன் கீழே நாற்காலி போட்டு விளக்கு வைக்கும் நேரம் வரை உட்கார்ந்திருந்தார். பிறகு, "நாளைக்கு நீயே கொண்டு போய்க் குடுத்துடு. என் கையால அத பஸ்ல ஏத்த முடியாது" என்றார்.

சரி என்றேன். அந்த முடிச்சை எடுத்து, நானும் தரையில் வைக்காமல், பூஜை அலமாரிக்குப் பின்னால் ஆணியில் மாட்டி அதன் மேல் என் பழைய சேலையைப் போட்டுவிட்டேன். வம்சத்துக் கை இல்லைதான், துணியைத்தான் தொட்டேன், மண்ணைத் தொடவில்லை. உன் பைக்குக் கனம் வேண்டுமே என்று மல்லாட்டையை வைத்தேன். உன் அப்பாவிடம் நான் இப்படி ஒன்றை மறைத்ததே இல்லை. அதற்கும் நீதான் காரணம்.

உனக்குப் புத்தி சொல்லும் வயது தாண்டிவிட்டது, தெரியும். ஆனால் நீயும் ஒரு பெண்ணுக்கு அப்பன். போன வாரம் வீடியோவில் உன் மகள் கேட்டாள், "பாட்டி, உங்க ஊர்ல இன்னும் மலை இருக்கா?" எல்லோரும் சிரித்தீர்கள், நானும் சிரித்து வைத்தேன். உங்க ஊர் என்கிறாள். அவள் மேல் தப்பில்லை. விலை ஏறும்போது ஒரு குடும்பம் எதை முதலில் விடுகிறது என்பதை அந்தக் குழந்தை பார்த்துக்கொண்டிருக்கிறது. நீ சொல்லித் தர வேண்டாம், அதுவாகவே கற்றுக்கொள்ளும். நாளைக்கு அவள் எங்கோ தூர தேசத்தில் இருப்பாள், அங்கேயும் ஏதோ ஒன்று விலை ஏறும், உன்னைப் பார்க்க வருவது கட்டுப்படியாகவில்லை என்று அவளும் ஒழுங்காகப் பேசுவாள். அன்றைக்கு உனக்கு இந்தக் கடிதம் ஞாபகம் வரட்டும். சாபம் இல்லை இது, பெற்றவள் சாபம் விட மாட்டாள். ஆனால் எச்சரிக்கை விடலாம்.

கேட் சத்தம் கேட்கிறது, அப்பா வந்துவிட்டார் போலிருக்கிறது. சுருக்கமாகச் சொல்கிறேன். இந்தப் பையைக் கொண்டுவந்த பஸ் கொஞ்ச நேரத்தில் திரும்பவும் திருவண்ணாமலைக்குத்தான் கிளம்பும். பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வந்துவிட்டாய், மண்ணுக்காக. இன்னும் கொஞ்சம் தூரம்தான். வழியில் கீழ்பென்னாத்தூர் வரும், அங்கே இறங்காதே. நேராக வீட்டுக்கு வா. மண்ணை அப்பாவே உன் கையில் கொடுப்பார். அவர் நடுங்கும் கையிலிருந்து வாங்கு. இனிமேல் வர மாட்டேன் என்றால் அதையும் அவர் முகத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டு, சாமியை மடியில் வைத்துக்கொண்டு போ. நான் தடுக்க மாட்டேன்.

வராவிட்டால் ஒன்று செய்வேன். அந்த முடிச்சை நானே எடுத்துக்கொண்டு போய், உன் அப்பா கிளறிய அதே குழியில் கொட்டி மூடிவிட்டு வருவேன். அது ஆகாது என்பதெல்லாம் உங்கள் வம்சத்துக்கு. நான் வேறு சாமி வீட்டிலிருந்து வெறுங்கையோடு வந்தவள், என்னை எது என்ன செய்துவிடும்?

கண்டக்டர் தம்பியிடம் நேற்றே தனியாகச் சொல்லி வைத்தேன், திரும்பி வரும்போது ஒரு சீட்டு வைத்திருங்கள் என்று. "யாருங்கமா வர்றாங்க?" என்று கேட்டது. "வருவானான்னு தெர்ல, ஆனா வெச்சிருங்க" என்றேன். ஜன்னலோர சீட்டுதான் கேட்டிருக்கிறேன். சின்ன வயதில் ஜன்னலோரம் கிடைக்கவில்லை என்றால் நீ பஸ்ஸிலேயே ஏற மாட்டாய்.

அம்மா